நாண் கழற்றிய வில்

ரவாங்கில் எங்கள் வீட்டு முன்கூடத்துச் சுவரில் தாத்தா செய்த வில் ஒன்று ஏழு வருடம் தொங்கியது, நாண் ஏற்றியபடியே. வில் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். கோயில் சிற்பத்திலும் காலண்டர் படத்திலும் ராமன் கையில் இருப்பது நாணேற்றிய வில்தானே. போன வருடம் சாயம் அடிப்பதற்காக அதை இறக்கி, நாணைக் கழற்றினேன். நிமிர வேண்டிய மரம் நிமிரவில்லை, கூன் விழுந்து கிடந்தது. மறுபடி நாணேற்றி இழுத்தபோது கைக்கு எந்த எதிர்ப்பும் இல்லை. விட்ட அம்பு வாசல் கேட்டைக்கூடத் தாண்டவில்லை.

தாத்தா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பாக்குமரத்தைப் பிளந்து, பாராங் கத்தியால் செதுக்கி, கண்ணாடிச் சில்லால் சுரண்டி அந்த வில்லைச் செய்தார். இப்போது அவர் இல்லை. மரத்தின் வைரத்தைப் பார்த்து எடுக்கத் தெரிந்தவர்களும் வீட்டில் யாரும் இல்லை. பாட்டிக்கு மட்டும் ஒன்று ஞாபகம் இருந்தது.

"காட்டுலருந்து வந்தா சட்டைய கழட்டுறதுக்கு முன்னாடி கயித்தக் கழட்டிருவாருடா. நீதான் அழகா இருக்குன்னு அப்படியே மாட்டி வெச்ச."

"அப்பவே ஏன் சொல்லல பாட்டி?"

"நீ கேட்டியா?"

கேட்கவில்லைதான். ஆனால் இது பழைய கேள்வி. எகிப்தை கி.மு. 570 முதல் 526 வரை ஆண்ட அமாசிஸ் பற்றி ஹெரோடோட்டஸ் ஒரு கதை சொல்கிறார். காலையில் அரசு வேலையை முடித்துவிட்டுப் பிறகு குடியும் கேலியுமாக இருந்த ராஜாவை நண்பர்கள் கண்டித்தார்களாம். அதற்கு அவர் வில்லைத்தான் காட்டினார். வைத்திருப்பவன் தேவைப்படும்போது நாணேற்றுவான், வேலை முடிந்தால் தளர்த்திவிடுவான். எப்போதும் பூட்டியே வைத்தால் ஒடிந்துபோகும், வேண்டிய நேரத்தில் உதவாது என்பது அவருடைய வாதம். குடிக்கச் சொன்ன சாக்குதான். ஆனால் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்பதால்தான் அது சாக்காகவே எடுபட்டிருக்கிறது.

இதைப் படித்த பிறகுதான் நம் காவியங்களை வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தேன். சீதையின் சுயம்வரத்தில் போட்டி என்ன? குறி பார்ப்பது அல்ல, நாணேற்றுவது. திரௌபதியின் சுயம்வரத்திலும் பாதி ராஜாக்கள் குறியைப் பார்க்கிற நிலைக்கே வரவில்லை, நாணேற்றும்போதே தோற்றார்கள். கிரேக்கத்தில் ஒடிசியஸின் வில்லுக்கும் அதே கதைதான். அது இருபது வருடம் உறைக்குள் நாண் இல்லாமல் கிடந்தது. பெனலோப்பியைக் கேட்டு வந்தவர்கள் நெருப்பில் காட்டி, கொழுப்பு தடவி இளக்கிப் பார்த்தும் வளைக்க முடியவில்லை. மூன்று கதைகளுக்கும் அடியில் ஒரே வீட்டுப் பழக்கம் இருக்கிறது: நல்ல வில்லை நாண் கழற்றித்தான் வைப்பார்கள். ஜனகன் வீட்டில் என்னைப்போல ஒரு பேரன் இருந்து, அழகுக்காக நாணேற்றி மாட்டியிருந்தால் பாலகாண்டத்தின் கதி என்ன?

இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது, ராமபக்தர்கள் மன்னிக்கணும். வால்மீகியில் சிவதனுசு எட்டுச் சக்கரப் பெட்டியில் வருகிறது. தலைமுறைகளாகப் பூஜையில் மட்டும் இருந்த வில். அதை எடுத்து ஒரே மூச்சில் முழுசாக இழுத்தால் ஒடியத்தான் செய்யும். வெகுநாள் சும்மா கிடந்த மரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பழக்க வேண்டும் என்று எந்த வில் செய்பவரும் சொல்வார். அந்த விஷயத்தில் ஒடிசியஸ் விவரமான ஆள். வில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பூச்சி அரித்திருக்கிறதா என்று சோதித்துவிட்டுத்தான் நாணேற்றுகிறான்.

மரத்துக்கு என்னதான் ஆகிறது? வில்லை வளைத்தால் வெளிப்பக்கம் இழுபடும், நம்மைப் பார்க்கிற பக்கம் நசுங்கும். மரம் இழுப்பைத் தாங்குகிற அளவுக்கு நசுக்கலைத் தாங்காது. நீண்ட நேரம் அழுத்தத்தில் இருந்தால் உள்பக்க நார்கள் மெல்ல மெல்ல மடிந்து அந்த வடிவத்துக்கே பழகிவிடுகின்றன. கூன் என்பது அதுதான். ஈரமான மரம் இன்னும் சீக்கிரம் பழகும். வில் செய்பவர்கள் மரத்தில் 8 முதல் 10 சதவீதம் ஈரம் இருந்தால் போதும் என்பார்கள். காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டியே இருக்கும் நம் கிள்ளான் பள்ளத்தாக்கில், திறந்து கிடக்கிற மரத்தில் 15, 16 சதவீதம் சாதாரணம். கஞ்சிங் அருவிப் பக்கம் மழை இறங்கும் சாயங்காலங்களில் எங்கள் வீட்டு மரக்கதவே உப்பிப்போய்ச் சாத்த வராது. ஏழு வருடமும் வில் அந்தக் காற்றில்தான் தொங்கியது.

ஈரம் போர்க்களத்திலும் வில்லைத் தோற்கடித்திருக்கிறது. கி.மு. 326இல் அலெக்சாண்டரோடு போரஸ் மோதியபோது, இந்திய வில் ஆள் உயரம். ஒரு முனையைத் தரையில் ஊன்றித்தான் அம்பைத் தொடுக்க முடியும். அன்றைக்கு மழையில் தரை வழுக்கியதால் ஊன்றவே முடியவில்லை என்று கர்டியஸ் எழுதுகிறார். கொம்பும் நரம்பும் பசையால் ஒட்டிச் செய்த மத்திய ஆசிய வில்களோ வறண்ட நாட்டில் நாளெல்லாம் நாணோடு நிற்கும். பருவமழையில் பசை இளகிவிடும். முகலாயர் காலத்தில் எஃகு வில்லும் புழங்கியதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். இந்தத் தீபகற்பத்தின் வடக்குக் காடுகளில் செமாங் மக்கள் வில் வைத்திருந்ததை ஸ்கீட்டும் பிளாக்டனும் 1906இல் பதிவு செய்திருக்கிறார்கள். பிறகு ஊதுகுழலான சும்பிட் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஈரம்தான் காரணம் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் சும்பிட்டுக்குக் கழற்ற நாண் கிடையாது.

சரி, எவ்வளவு நேரம்தான் நாணோடு வைக்கலாம்? கைவில் செய்கிறவர்கள் பொதுவாகச் சொல்வது: எய்யும்போது ஏற்று, நீண்ட இடைவேளை என்றால் இறக்கு. நன்றாகப் பழகிய வில் அரைநாள் நாணோடு இருந்தால் ஒன்றும் குடிமுழுகாது. புது வில்லுக்கு அவ்வளவு கொடுக்கக்கூடாது. ராத்திரி முழுக்க வைப்பது எதற்குமே கூடாது. ஒரு நாள் மறந்துவிட்டதற்காக அழவும் தேவையில்லை. முழுசாக இழுத்து விடாமல் பிடித்துக்கொண்டே போஸ் கொடுப்பது அதைவிடக் கெடுதல். (அதையும் செய்திருக்கிறேன், போட்டோ இருக்கிறது.)

நான் திரும்பத் திரும்ப நினைப்பது மேரி ரோஸ் கப்பலை. 1545இல் இங்கிலாந்துக் கடலில் மூழ்கிய அந்தப் போர்க்கப்பலிலிருந்து 130க்கும் மேற்பட்ட முழு வில்களை எடுத்தார்கள். பல வில்கள் மரப்பெட்டிகளில் நாண் பூட்டாமல், விறகுபோல அடுக்கியபடி இருந்தன. சண்டைக்குப் போன கப்பல்தான். இருந்தும் தேவை வரும்வரை அவற்றை வளைக்க யாரும் துணியவில்லை.

'நாணேற்று' என்ற சொல் சட்டென்று வாயில் வருகிறது. அதைக் கழற்றுவதற்கு அதேபோல ஒரு சொல்லைத் தேடினால் எனக்கு வருவது பாட்டியின் 'கயித்தக் கழட்டு' மட்டும்தான்.

தாத்தாவின் வில்லை இப்போது பழைய வேட்டியில் சுற்றி அலமாரி மேல் படுக்கவைத்திருக்கிறேன். அந்தக் கூன் இனி நிமிராது. உறவினர் வீட்டில் பாக்குமரம் வெட்டினார்கள் என்று கேள்விப்பட்டு, இரண்டு பிளவு வாங்கிவந்து பின்கட்டுக் கூரைக்கடியில் காயப்போட்டேன். மூன்று மாதம் ஆகிறது. பாட்டி அவ்வப்போது போய் விரலால் தட்டிப் பார்க்கிறார்.

"இன்னும் ஈரம்டா" என்கிறார்.