இன்னொரு இராமானுஜம்

இராமானுஜன் என்றதும் எமக்குக் கும்பகோணத்தவரே நினைவில் வருவார். சென்னையில் 1938இல் பிறந்த சி. பி. இராமானுஜத்தை எம்மில் எத்தனை பேர் அறிவோம்?

பம்பாய் டாட்டா ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த அவர் 1971இல் விசித்திரமான அட்சரகணிதப் பரப்பொன்றைக் காட்டினார். சிக்கலெண் தளத்தைப் போலவே அதையும் ஒரு புள்ளியாகச் சுருக்கலாம். ஆயினும் அது தளமன்று. வேறுபாடு தெரிவது வெகு தொலைவில்தான்: தளத்தில் அங்கே போட்ட கயிற்று வளையம் நடுப்பகுதிக்குள் வராமலே சுருங்கிவிடும், இங்கே சில வளையங்கள் சுருங்கா. உள்ளிருந்து பார்ப்பவனுக்கு இது எளிதில் புலப்படாது.

1974இல், 36 வயதில், பெங்களூரில் இறந்தார். அடுத்த ஆண்டே அபயங்கரும் மோவும், தளத்தினுள் கோடு எப்படி முறுகிக் கிடந்தாலும் பல்லுறுப்பி மாற்றங்களால் நிமிர்த்தலாம் என நிறுவினர். முப்பரிமாணச் சிக்கலெண் வெளியில் முறுகிய தளத்தையும் அப்படி நிமிர்த்தலாமா? இன்றுவரை விடையில்லை.