தாது ஆண்டுப் பஞ்சமும் நிவாரணப் பணிப் பயிற்சியும்: பழைய சேலம் மாவட்டத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பேரிடர் நிவாரண ஒருங்கிணைப்பில் இன்று பயிற்சிப் பணியாளர்களுக்கு அளிக்கப்படும் வேலை பெரும்பாலும் கணக்கெடுப்பும் அறிக்கையும் சார்ந்தது. இவ்வேலையின் தொடக்கத்தை 1876–78ஆம் ஆண்டுகளின் தாது ஆண்டுப் பஞ்சத்தில் காணலாம். அன்று எதை அளப்பது, யாரை எண்ணுவது என்பது குறித்து எழுந்த பூசலே பின்னைய விதிநூல்களுக்கு அடிப்படையாயிற்று என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: தாது ஆண்டுப் பஞ்சம், சேலம், சேர்வராயன் மலை, நிவாரணப் படி, பஞ்ச விதிநூல், கார்னிஷ்

முன்னுரை

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் எச்சம் உள்மாவட்டங்களின்மீது நகர்ந்தபோது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை பெய்தது. ஏற்காட்டில் 20 செ.மீ.க்கு மேல் பதிவாயிற்று. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைச்சாலையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. ஏற்காட்டை அடுத்த கரடியூர் முதலிய சேர்வராயன் மலையூர்களுக்கு மாவட்டத் தலைநகரோடு உள்ள முதன்மைத் தொடர்பு அச்சாலைதான். அது அடைபடும்போது ஆட்சியர் அலுவலகத்தில் முதலில் எழும் வினா எளிமையானது: எந்த ஊரில் எத்தனை பேர் உள்ளனர், அவர்களிடம் என்ன இருக்கிறது, என்ன இல்லை?

இவ்வினாவுக்கு விடை தேடித் தொகுப்பதே நிவாரண ஒருங்கிணைப்பின் அன்றாட வேலை. ஐக்கிய நாடுகள் அவை 1991 டிசம்பரில் இயற்றிய 46/182ஆம் தீர்மானத்தின் வழியே மனிதநேய உதவியை ஒருங்கிணைப்பதற்கெனத் தனித்துறை ஒன்று தோன்றியது. அது 1998இல் இன்றைய பெயரையும் வடிவையும் பெற்றது. இந்தியாவில் 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் மாவட்டந்தோறும் ஆட்சியரைத் தலைவராகக் கொண்ட ஆணையத்தை நிறுவியது. இத்தகைய அமைப்புகளில் பயிற்சிக்குச் சேரும் இளைஞர் உணவுப் பொட்டலத்தைக் கையால் தொடுவது அரிது. பட்டியல் சரிபார்த்தலும் நிலவர அறிக்கை எழுதுதலும் கூட்டக் குறிப்பெடுத்தலுமே அவர்க்கு வாய்ப்பன. இவை சலிப்பூட்டும் எழுத்து வேலைகளாகத் தோன்றலாம். தமிழ்நாட்டில் இவ்வேலை எப்படிப் பிறந்தது என அறிவோர்க்கு அவ்வாறு தோன்றாது.

பஞ்சமும் மாவட்டமும்

1876இல் ஊத்தங்கரையும் ஏற்காடும் ஒரே மாவட்டத்தில் இருந்தன. ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருப்பத்தூர் தொடங்கித் தெற்கே நாமக்கல், திருச்செங்கோடு வரை விரிந்திருந்தது அன்றைய சேலம் மாவட்டம். சேர்வராயன் மலையில் 1820களில் ஆட்சியர் காக்பர்ன் அறிமுகப்படுத்திய காப்பி, தோட்டத் தொழிலாக வளர்ந்திருந்தது. கீழே சமவெளியில் பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. சென்னையிலிருந்து வந்த இருப்புப்பாதை 1860களின் தொடக்கத்திலேயே சேலத்தைக் கடந்து மேற்கே சென்றுவிட்டது. ஆகவே தானியம் வந்து சேர வழியே இல்லாத மாவட்டம் என்று இதனைக் கூற இயலாது. இருப்புப்பாதை நிலையம் வரை வந்த தானியத்தை வாங்கும் கூலி மக்களிடம் இல்லை. நிலையத்துக்கு அப்பால் அதைச் சுமக்க வேண்டிய மாடுகளும் தீவனமின்றி மடிந்தன.

1876இல் இரு பருவமழைகளும் பொய்த்தன. மக்கள் அப்பஞ்சத்தைத் தாது வருடத்தின் பெயரால் நினைவில் வைத்தனர். ஆயினும் கொடுமை அடுத்த ஈசுவர ஆண்டிலும் தணியவில்லை. 1871இல் 19,66,995 ஆக இருந்த சேலம் மாவட்ட மக்கள்தொகை 1881இல் 15,99,595 ஆகக் குறைந்தது. ஏறத்தாழ 19 விழுக்காட்டு வீழ்ச்சி. இவ்விடைவெளி முழுவதையும் இறப்பாகக் கொள்ளுதல் பிழை. பிழைப்புத் தேடி வெளியேறியோரும் பிறவாது போன குழந்தைகளும் இதனுள் அடங்குவர். எனினும் ஒரு பத்தாண்டில் ஐவரில் ஒருவருக்குச் சற்றே குறைவானோர் கணக்கிலிருந்து மறைந்தனர் என்பது மாறாது.

நூலின்றிக் கற்ற பணி

இப்பஞ்சத்தில் நிவாரணம் நடத்தியோர்க்கு வழிகாட்டி நூல் எதுவும் இல்லை. 1866இல் ஒடிசாவில் அரசு கைகட்டி நின்றதால் ஏறத்தாழப் பத்து லட்சம் பேர் மாண்டனர். 1873–74இல் பீகாரில் ரிச்சர்ட் டெம்பிள் பர்மாவிலிருந்து நான்கு லட்சம் டன்னுக்கு மேல் அரிசி வரவழைத்தார். இறப்பு மிகக் குறைவாயிருந்தது. அதற்கு அவருக்குக் கிடைத்தது பாராட்டன்று, ஊதாரித்தனம் என்ற பழி. அந்தப் பாடத்தோடுதான் 1877 ஜனவரியில் பஞ்சத் தூதுவராகச் சென்னை மாகாணத்துக்கு அவர் அனுப்பப்பட்டார். மனிதர் தம் அனுபவத்திலிருந்து தவறான பாடத்தையும் கற்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நிவாரண வரலாற்றில் அரிது.

களத்தில் இருந்தோர் நிலை வேறு. இளம் ஆட்சிப் பணியாளர்களும் படையிலிருந்து இரவலாகப் பெறப்பட்ட அதிகாரிகளும் சாலைப் பணிக்களங்களிலும் கஞ்சித் தொட்டி முகாம்களிலும் அமர்த்தப்பட்டனர். பின்னர்ப் பிற மாகாணங்களிலிருந்தும் அதிகாரிகள் வந்தனர். அவர்களுள் பலர்க்குத் தமிழ் தெரியாது. உண்மையில் யார் ஏழை, யார் வேலை செய்ய வல்லார், எவர் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதை அறிந்தவர்கள் கிராம மணியக்காரரும் கர்ணமுமே. பதிவேடு அவர்கள் கையில் இருந்தது. கிராமத்தின் சாதிப் பிளவுகளும் பகைகளும் அப்பதிவேட்டில் புகுந்தன என்று கருத இடமுண்டு. எனினும் அதைத் தவிர வேறு பதிவேடும் இல்லை. நிவாரண ஒருங்கிணைப்பின் முதல் தமிழ்ப் பயிற்சியாளர்கள் என எவரையேனும் சுட்ட வேண்டுமாயின், பெயர் தெரியாத இவர்களையே சுட்ட வேண்டும்.

ஒரு பவுண்டுப் பூசல்

டெம்பிள் செய்த மாற்றம் அளவு சார்ந்தது. பணிக்களத்தில் உழைக்கும் ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்தின் விலையும் அதனோடு ஒரு சிறு தொகையும் போதும் என அவர் விதித்தார். ஒரு பவுண்டு என்பது ஏறத்தாழ 450 கிராம். அரிசியாயின் சுமார் 1,600 கலோரி. மண் சுமப்பவனுக்கு இது போதுமா என்பதை ஒரு சோதனையாகவே அவர் முன்வைத்தார். சோதனைக்குட்பட்டோரின் ஒப்புதல் எவராலும் கேட்கப்படவில்லை.

எதிர்த்தவர் சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஆர். கார்னிஷ். உழைப்பவனுக்கு ஒன்றரைப் பவுண்டு தானியமும் அதனோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. அவ்வாண்டிலேயே மாகாண அரசு ஒன்றேகால் பவுண்டு தானியமும் ஒன்றரை அவுன்சு பருப்பும் என இடைநிலை அளவுக்கு இறங்கி வந்தது. கார்னிஷ் கேட்டதில் பாதிதான் கிடைத்தது. ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் அரசுக்கும் வைசிராய் லிட்டனின் அரசுக்கும் இடையே நடந்த கடிதப் போரின் பெரும்பகுதி இவ்வளவுகளையும் செலவையும் சுற்றியதே.

கார்னிஷின் வாதத்துக்கு வலுவளித்தது அவருடைய மற்றொரு பணி. சென்னை மாகாணத்தின் 1871ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கையை எழுதியவரும் அவரே. பஞ்சத்துக்கு முன் எத்தனை பேர் இருந்தனர் என்பதை அவரளவுக்கு அறிந்தவர் மாகாணத்தில் இலர். கிராமப் பிறப்பு இறப்புப் பதிவு பஞ்ச காலத்தில் உண்மையைக் காட்டவில்லை என்பதையும் அவர் உணர்ந்திருந்தார். ஊரை விட்டு நடந்தவர் வழியில் விழுந்தால் அவ்விறப்பு எந்த ஊர்ப் பதிவேட்டிலும் ஏறாது. புறப்பட்ட ஊரில் அவர் 'சென்றவர்'. விழுந்த ஊரில் 'அயலார்'. பதிவாளரும் மாண்டுபோன ஊர்களின் நிலை இன்னும் மோசம். இக்குறையை ஈடுகட்டவே 1878இல் பஞ்சம் பாதித்த பகுதிகளில் மாதிரிக் கணக்கெடுப்பு நடத்தப்பட்டது. இறந்தோரை எண்ண, எஞ்சியோரை எண்ணிக் கழிக்க வேண்டியதாயிற்று.

பொதுநிதியும் குழுக்களும்

1877 ஆகஸ்டில் சென்னையில் கூடிய பொதுக்கூட்டம் இலண்டன் மேயருக்கு விடுத்த வேண்டுகோளின் விளைவாக ஆறு லட்சம் பவுனுக்கு மேற்பட்ட நன்கொடை திரண்டது. அதன் செயற்குழுச் செயலராயிருந்த இதழாசிரியர் வில்லியம் டிக்பி 1878இல் இரு தொகுதிகளாக வெளியிட்ட பஞ்ச வரலாறு இன்றும் முதன்மைச் சான்றாக விளங்குகிறது. அரசுப் பணத்தையும் நன்கொடைப் பணத்தையும் ஒரே வேலைக்கு இருமுறை செலவிடாமல் பிரிப்பது எவ்வாறு என்ற சிக்கல் அப்போது எழுந்தது. உயிர்காக்கும் கஞ்சி அரசின் பொறுப்பு. விதை, உழவு மாடு, கூரை, துணி, ஆதரவற்ற குழந்தைகள் ஆகியவை நிதியின் பொறுப்பு என்றவாறு எல்லை வகுக்கப்பட்டது. உள்ளூர்க் குழுக்கள் இவ்வெல்லைக்குள் செயற்பட்டன. துறைகளுக்கிடையே வேலைப் பகிர்வு என இன்று பயிற்சி வகுப்புகளில் சொல்லப்படுவது இதுவே. மேற்கிந்தியாவில் புனே சார்வஜனிக் சபா தன் முகவர்கள் வழியே பஞ்ச நிலவரத்தைத் தொகுத்து வெளியிட்டு அரசின் கணக்குக்கு மாற்றுக் கணக்கு ஒன்றை முன்வைத்தது. அதனோடு ஒப்பிடுகையில் தமிழகத்தின் நினைவு கும்மிப் பாட்டுகளிலும் வாய்மொழிக் கதைகளிலுமே பெரிதும் தங்கியது.

விதிநூலும் பின்னும்

ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி தலைமையிலான பஞ்ச ஆணையம் 1880இல் அறிக்கை அளித்தது. அதன் வரைவை ஒட்டி மாகாணந்தோறும் பஞ்ச விதிநூல்கள் உருவாயின. மாவட்டத்தை நிவாரண வட்டங்களாகப் பிரித்தல், வட்ட அலுவலர் ஊர் ஊராகச் சென்று பார்த்தல், வேலை செய்ய வல்லாரையும் இயலாதாரையும் வகைப்படுத்தல், குறித்த காலத்தில் அறிக்கை அனுப்புதல் என யாவும் எழுத்தில் ஏறின. புதிய அலுவலர் இனிப் பட்டினியின்மேல் பாடம் கற்க வேண்டியதில்லை. ஆனால் கூலியைக் குறைவாக வைத்து, உண்மையில் வறியவரே வருவர் என நம்பும் ஐயப்பாடும் விதிநூலுக்குள் புகுந்துகொண்டது. டெம்பிளும் கார்னிஷும் ஒருசேர அதில் குடியிருந்தனர் எனலாம்.

1997இல் தொடங்கிய ஸ்பியர் முயற்சி வகுத்த மனிதநேய உதவித் தர அளவுகள் ஒருவர்க்கு நாளொன்றுக்கு 2,100 கலோரியை அடிப்படையாகக் கொண்டன. கார்னிஷ் கேட்ட ஒன்றரைப் பவுண்டு தானியமும் பருப்பும் இவ்வளவைக் கடந்து நிற்கின்றன. கடும் உடலுழைப்பைக் கருத்தில் கொண்டவர் அவர்.

கணக்கின் தேவை 2004 டிசம்பர் 26க்குப் பின் நாகப்பட்டினத்தில் மீண்டும் தெரிந்தது. அம்மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உதவி வந்து குவிந்தது; யாருக்கும் வேண்டாத பழந்துணி சாலையோரம் கிடந்தது. 2005 ஜனவரித் தொடக்கத்தில் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் சிநேகா அமைப்பும் ஆட்சியர் அலுவலகத்தோடு இணைந்து தொண்டு நிறுவனங்களின் ஒருங்கிணைப்பு மையத்தைத் தொடங்கின. எந்த ஊரில் எந்த நிறுவனம் என்ன செய்கிறது, எந்த ஊர் விடுபட்டது என்ற பட்டியலே அதன் முதல் விளைபொருள். மீன்பிடிப் படகு இல்லாத கூலிகளும், கடலுக்குச் செல்லாத வேளாண் தொழிலாளரும், தலித் குடியிருப்புகளும் உதவியின் முதல் அலையில் விடுபட்டமை அத்தகைய ஊர்வாரிக் கணக்குகளின் வழியாகவே புலப்பட்டது. கர்ணத்தின் பதிவேட்டுக்கு இருந்த அதே ஓட்டை, நூற்றிருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் வேறு கடற்கரையில்.

2016இல் தொடங்கி 2021இல் 350 மாவட்டங்களுக்கு விரிவாக்கப்பட்ட ஆப்த மித்ரா திட்டம் ஒரு லட்சம் தன்னார்வலர்க்குப் பயிற்சி அளிப்பதை இலக்காகக் கொண்டது. மீட்பும் முதலுதவியும் அப்பயிற்சியில் முதலிடம் பெறுகின்றன, அது முறையே. சேர்வராயன் மலை போன்ற இடங்களில் தோட்டக் கூலியாகப் பருவந்தோறும் வந்து போவோர் உள்ளனர். மலைச்சாலை அடைபடும் நாளில் அவர்கள் புறப்பட்ட ஊரின் பட்டியலிலும் இருக்கலாம், மலையூரின் பட்டியலிலும் இருக்கலாம், இரண்டிலும் இல்லாமலும் போகலாம். 1878இன் மாதிரிக் கணக்கெடுப்பு தேடியதும் இத்தகையோரையே.