எட்டு மணிக்குப் பிறகு

என் பெரியம்மா மிஸ்ஸியாக வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு ஹாலில் இன்னும் அந்தப் படம் தொங்குகிறது: கையில் விளக்கோடு பிளாரன்ஸ் நைட்டிங்கேல், இரண்டு பக்கமும் படுக்கைகள். விளக்கை அலாவுதீன் விளக்கு போல வரைந்திருப்பார்கள். உண்மையில் அது மடக்கி வைக்கிற துருக்கி லாந்தர். அது போகட்டும். எனக்குச் சந்தேகம் வேறு. 38 பெண்களைக் கூட்டிக்கொண்டு போனவர் படத்தில் ஏன் தனியாக நடக்கிறார்?

1854 நவம்பர். கிரிமியப் போரில் அடிபட்ட பிரிட்டிஷ் சிப்பாய்களைக் கப்பலில் கொண்டுவந்து இஸ்தான்புல்லுக்கு எதிர்க்கரையில் இருக்கும் ஸ்குட்டாரி ராணுவ மருத்துவமனையில் குவித்திருந்தார்கள். ஆண்கள் வார்டுக்குள் பெண்கள் வருவதையே அதிகாரிகள் பலர் விரும்பவில்லை. ஒரே ஒரு அசிங்கம் நடந்தால் போதும், எல்லாரையும் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். நைட்டிங்கேலுக்கு அது தெரியும். அதனால் விதிகள் போட்டார். இரவு எட்டு மணிக்கு மேல் தாதிகள் வார்டில் இருக்கக்கூடாது. இரவு வேலையை ஆண் ஊழியர்கள் பார்த்துக்கொள்வார்கள். வெளியே தனியாகப் போகக்கூடாது. ரிப்பன், பூ எதுவும் கூடாது. உடம்பை மறைக்கும் சாம்பல் நிற உடை, மேலே சிவப்பு நூலில் மருத்துவமனையின் பெயர் தைத்த பட்டைத்துணி.

அந்தத் துணியைப் பற்றி வாழ்க்கை வரலாறுகளில் ஒரு கதை வரும். தெருவில் ஒரு சிப்பாய் ஒரு தாதியைப் பிடித்துவிட்டான். கூட இருந்தவன் துணியைப் பார்த்துவிட்டு, விடுடா, இது நைட்டிங்கேல் அம்மாவோட ஆளு என்றானாம். நல்ல கதையாகத்தான் சொல்கிறார்கள். அவள் வேண்டாம் என்றதற்காக அவன் விடவில்லை. அவள் இன்னொருவரின் ஆள் என்பதால் விட்டான். எனக்கு அங்கேதான் இடிக்கிறது.

ஆக, எட்டு மணிக்குப் பிறகு வார்டுக்குள் நடமாட முடிந்த பெண் அவர் ஒருவர்தான். 1855 பிப்ரவரியில் லண்டன் பத்திரிகை அந்த விளக்கைப் படமாகப் போட்டது. 1857இல் லாங்ஃபெலோ கவிதை எழுதினார். தாதிமைக் கல்லூரிகளில் இன்றும் விளக்கேற்றி உறுதிமொழி எடுக்கிறார்கள். மற்றவர்களை ஏன் அறைக்குள் வைத்துப் பூட்டினார்கள் என்பது மட்டும் படத்தில் இல்லை.

நைட்டிங்கேலை நான் குறை சொல்லவில்லை. சிப்பாய்களுக்கு விதி போடுகிற அதிகாரம் அவர் கையில் இல்லை. தன் பெண்களுக்குத்தான் போட முடிந்தது. ஆனால் பின்னால் வந்தவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். சிங்கப்பூரில் தொல்லைத் தடுப்புச் சட்டம் 2014இல்தான் வந்தது. மலேசியாவில் பாலியல் தொல்லைக்கென்று தனிச் சட்டம் வர 2022 ஆனது. பெரியம்மா அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டார்.

"உங்க காலத்துல என்ன செஞ்சீங்க?" என்று கேட்டேன்.

"என்ன செய்ய? பன்னண்டாம் நம்பர் கட்டில்காரன் கை சும்மா இருக்காது. ஸ்பாஞ்ச் பண்ண ரெண்டு பேரா போங்கன்னு சிஸ்டர் சொல்லுவாங்க. போனோம்."

"ரிப்போர்ட் பண்ணலையா?"

"பேஷண்ட்டுமா. வலில இருக்கான்னு சொல்லிடுவாங்க."

அவன் பெயர் அவருக்கு ஞாபகம் இல்லை. கட்டில் நம்பர் மட்டும் மறக்கவில்லை.