காளான் என்ற பெயரும் அருப்புக்கோட்டை பால் காளானும்

காளான் என்றதும் இன்றைக்கு நினைவுக்கு வருவது ஓட்டல் மெனு கார்டுதான். காளான் பிரியாணி, காளான் மசாலா, சில்லி மஷ்ரூம் என்று பட்டியல் நீளும். கறி சாப்பிடாத விருந்தாளிக்கு மரியாதையாகப் பரிமாறுகிற பண்டம் அது. ஆனால் இந்தப் பெயரின் பழைய கதை அவ்வளவு மரியாதையானது அல்ல. ஒரு காலத்தில் அது பசித்த வீட்டின் அடையாளம். அந்தப் பெயர் மாறியதில் அருப்புக்கோட்டைக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

அடுப்பில் பூத்த ஆம்பி

சங்க இலக்கியத்தில் காளானுக்குப் பெயர் ஆம்பி. காளாம்பி என்றும் வரும். புறநானூற்றின் 164-ஆம் பாட்டில் பெருந்தலைச் சாத்தனார் என்ற புலவர் குமணனிடம் தன் வறுமையைச் சொல்கிறார். சமைப்பதையே மறந்துபோன அடுப்பில் ஆம்பி பூத்திருக்கிறது என்பதுதான் அவர் காட்டும் காட்சி. சிறுபாணாற்றுப்படையில் வரும் அடுக்களையும் அப்படித்தான். கட்டைகள் விழுந்த பழைய சுவர், அதைக் கரையான் அரித்துக் கொட்டிய புழுதி, அந்தப் புழுதியில் காளாம்பி.

இரண்டு புலவர்களுமே காளானை உணவாகச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அடுப்பு தினமும் எரிந்தால் அங்கே ஈரம் நிற்காது. ஈரம் இல்லையென்றால் காளானும் வராது. அந்த வீட்டில் உலை வைத்து எத்தனை நாளாயிற்று என்பதற்குக் காளான்தான் சாட்சி!

இதற்கு மாறாகவும் ஓர் இடம் உண்டு. பெரும்பாணாற்றுப்படையில் ஆயர் பெண் தயிர் கடைகிறாள். அங்கே உறைந்த தயிருக்கு ஆம்பியின் வெள்ளை மொட்டு உவமையாகிறது. பாலையும் காளானையும் சேர்த்துப் பார்ப்பது அவ்வளவு பழைய வழக்கம்.

ஆம்பி என்ற சொல் பேச்சிலிருந்து போய்விட்டது. ஆனால் அதனுடன் வந்த வினை போகவில்லை. ஊறுகாய் கெட்டால் "பூஞ்சணம் பூத்துப்போச்சு" என்றுதான் இன்றும் வீடுகளில் சொல்கிறார்கள்.

இடியும் புற்றும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் மானாவாரி பூமி. கரிசல் காடும் கண்மாயும் வடகிழக்குப் பருவமழையை எதிர்பார்த்துக் கிடக்கும். இப்படிப்பட்ட ஊர்களில் காளான் என்பது மழையோடு வந்து மழையோடு போகிற விருந்தாளி. இடி இடித்தால் காளான் முளைக்கும் என்பது தமிழ்நாட்டுக் கிராமங்களில் பரவலான நம்பிக்கை.

பெயர்களும் முளைக்கும் இடத்தை ஒட்டியே அமைந்தன. கரையான் புற்றில் வருவது புற்றுக்காளான். வைக்கோல் போரில் வருவது வைக்கோல் காளான். தின்னக்கூடாது என்று ஒதுக்கியது நாய்க்குடை. ஆனால் நாய்க்குடை என்பது ஒரே இனத்தின் பெயர் அல்ல. ஆகவே பெயரை மட்டும் நம்பிக் காட்டுக்காளானைச் சமைப்பது ஆபத்து.

புற்றுக்காளானுக்கு 1942-இல் பிரெஞ்சு அறிஞர் ரோஜர் ஹெய்ம் வைத்த அறிவியல் பெயர் டெர்மிட்டோமைசஸ். அதன் பொருள் கரையான் காளான். கிராமத்தார் கண்டதையேதான் அவரும் பெயராக வைத்தார். புற்றுக்குள் கரையான்களே இந்தப் பூஞ்சையை வளர்த்து உண்கின்றன. கரையானின் உதவி இல்லாமல் மனிதன் அதைப் பயிர் செய்வது மிகக் கடினம்.

கேலிக்கும் இந்தப் பெயர் பயன்பட்டது. நேற்றைய மழையில் இன்று முளைத்த காளான் என்றால் அடித்தளம் இல்லாதவன் என்று பொருள். 1990-களில் தமிழ்நாட்டில் நிதி நிறுவனங்கள் காளான் போல முளைத்துப் பொதுமக்களின் பணத்தோடு மறைந்தன. அதன் விளைவாகத்தான் முதலீட்டாளர் நலன் காக்க 1997-இல் மாநில அரசு தனிச் சட்டமே கொண்டுவந்தது.

ஏபிகே என்ற மூன்று எழுத்து

மொட்டுக்காளான் வளரக் குளிர்ச்சி வேண்டும். அதனால் அது ஊட்டி போன்ற மலை ஊர்களின் பயிராக இருந்தது. வெயில் கொளுத்தும் சமவெளிக்கு வேறு காளான் தேவைப்பட்டது.

1974-இல் புர்காயஸ்தா, சந்திரா என்ற இருவர் மேற்கு வங்கத்தில் கிடைத்த ஒரு வெள்ளைக் காளானைக் கலோசைபி இண்டிகா என்று பதிவு செய்தார்கள். வங்காளிகள் அதை தூத் சாத்தா என்பார்கள், அதாவது பால் குடை. இந்த இனத்திலிருந்து தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அருப்புக்கோட்டை மண்டல ஆராய்ச்சி நிலையம் 1990-களின் பிற்பகுதியில் வெளியிட்ட ரகம்தான் ஏபிகே 2. ஏபிகே என்பது அருப்புக்கோட்டையின் ஆங்கிலச் சுருக்கம். ஏபிகே 1 என்பது அதே ஊரின் சிப்பிக்காளான் ரகம்.

பால் காளானுக்கு 30 முதல் 35 டிகிரி வெப்பம் பிரச்சினையே இல்லை. வேகவைத்த வைக்கோலில் வித்துப் போட்டுப் படுக்கை அமைத்து, மேலே மண் மூடி, ஈரம் காத்தால் போதும். பறித்த பிறகும் மற்ற காளான்களைவிட அதிக நாள் கெடாமல் இருக்கும். இதை வெட்டினால் பால் வராது. பெயர் நிறத்தால் வந்தது. வெட்டினால் உண்மையிலேயே பால் கசிவது லாக்டேரியஸ் என்ற வேறு இனம்.

பெயரில் என்ன இருக்கிறது?

வணிகத்தில் பெயர்தான் பாதி முதல். கோவைப் பக்கம் தள்ளுவண்டியில் காளான் என்று விற்கும் மசாலாவில் பல நேரம் முட்டைக்கோஸ்தான் அதிகம். ஆனாலும் காளான் என்ற பெயரில்தான் அது விலை போகிறது. அதே விருதுநகர் மாவட்டத்து ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. அந்தப் பொருள் போகுமிடமெல்லாம் ஊர்ப்பெயரும் போகிறது. பால் காளான் அப்படி அல்ல. எந்த ஊரிலும் வளரும் என்பதே அதன் பலம். அதனாலேயே பாக்கெட்டில் அருப்புக்கோட்டைக்கு இடமில்லை. அந்த ஊர், விதை வாங்குகிறவருக்கு மட்டும் தெரிந்த மூன்று எழுத்தாக நின்றுவிட்டது.

ஆனாலும் ஊருக்குப் பெருமை குறையவில்லை. அன்று அணைந்த அடுப்பில் பூத்தது ஆம்பி. இன்று காளான் வேண்டுமென்றால் வைக்கோலை வேகவைக்க முதலில் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். வறுமைக்குச் சாட்சி சொன்ன பெயர் மானாவாரி விவசாயிக்கும் வருமானம் தரக்கூடிய பெயராகியிருக்கிறது. அடுத்த முறை தட்டில் பால் காளான் வந்தால், அந்த மூன்று எழுத்தையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.