வலுவூட்டலும் எதிர்மறையும்: நடத்தையியற் கலைச்சொல் வரலாற்றில் ஒரு மயக்கம்

உளநூலின் கிளைகளுள் ஒன்றாகிய பயன்முறை நடத்தைப் பகுப்பாய்வு, மனத்தின் உட்கிடையை ஆராயாது, கண்ணாற் காணவும் எண்ணிக் கணக்கிடவும் ஆகும் செயலையே பொருளாகக் கொள்வது. செயலுக்கு முன் நிகழ்வது யாது, செயல் யாது, அதன்பின் விளைவது யாது என்னும் மூன்றும் அதன் அடிப்படை. இவற்றை முறையே முன்னிகழ்வு, நடத்தை, பின்விளைவு எனலாம். ஆட்டிசம் உடைய குழந்தைகட்குப் பேச்சும் அன்றாடச் செயல்களும் பயிற்றுவதில் இம்முறை இன்று பெரிதும் கையாளப்படுகிறது. இதன் சொற்கள் தமிழில் அமைந்தவாற்றையும், அவற்றுள் ஒன்றனால் விளையும் மயக்கத்தையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

புறத்தே தோன்றுவதை நோக்கி ஆராய்தல் தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடு ஒவ்வொன்றற்கும் நந்நான்கு நிலைக்களன் வகுக்கின்றது. அச்சம் விலங்கினாலும் கள்வராலும் பிறக்கும் என்றல் முன்னிகழ்வு கூறியதேயாம். ஆயினும் இவ்வொப்புமையை மிகுத்துரைத்தல் தகாது. பின்விளைவே ஒரு செயலை மீண்டும் நிகழச் செய்யும் என்னும் கருத்து ஆண்டு இல்லை. புதுத்துறைக்கோ அக்கருத்தே உயிர்நிலை.

தமிழிற் கலைச்சொல்லாக்கம் இயக்கமாக வளர்ந்ததில் நெல்லைச் சீமைக்குத் தனியிடம் உண்டு. 1934-இல் திருநெல்வேலியில் தோன்றிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938-இல் ‘கலைச்சொற்கள்’ என்னும் தொகுதியை வெளியிட்டது. அப்பணியில் முன்னின்றவர் இ. மு. சுப்பிரமணிய பிள்ளை. பின்னர், 1960 முதல் தமிழ் கல்லூரிப் பயிற்றுமொழியாகவே, உளவியற் பாடநூல்களும் தமிழில் எழுதவேண்டியவாயின. தூண்டல், துலங்கல் என்னும் இணை அழகியது. ஓசையாலும் பொருளாலும் ஒன்றையொன்று அழைப்பது. ஆக்கநிலையிறுத்தம் என்பது அத்துணை எளிதன்று. பாவ்லாவ் உருசிய மொழியில் ஆண்ட சொல்லின் பொருள் ‘நிபந்தனைக்கு உட்பட்டது’ என்பதே. 1927-இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு அதனைச் சிறிது திரித்துவிட்டது. தமிழகத்தார் அத்திரிபின் வழிச் சென்றனர். ஈழத்துக் கல்வியியலார் வழங்கும் நிபந்தனைப்படுத்தல் என்னும் சொல்லோ மூலத்திற்கு அணுக்கமாக நிற்கின்றது.

இனி, முதன்மையான சிக்கலுக்கு வருவோம். ஒரு செயலின் பின்விளைவால் அச்செயல் மிகுமாயின் அது வலுவூட்டல். விரும்பிய பொருள் வந்து சேர்வதால் மிகுவது நேர்மறை வலுவூட்டல். தொல்லையொன்று நீங்குவதால் மிகுவது எதிர்மறை வலுவூட்டல். இரண்டிலும் செயல் மிகுகின்றது. தண்டனையிலோ செயல் குறைகின்றது. ஆகவே எதிர்மறை வலுவூட்டலும் தண்டனையும் வேறுவேறு. ஆயின் தமிழ் இலக்கணம் பயின்றார்க்கு எதிர்மறை என்பது இன்மைப் பொருளது. எதிர்மறைப் பெயரெச்சம் வினை நிகழாமையைக் காட்டுவது. எனவே இத்தொடரைக் கேட்பார் வலுவூட்டாமை என்றோ, வலிமை குன்றச் செய்தல் என்றோதான் கொள்வர்.

இம்மயக்கம் தமிழுக்கே உரியதும் அன்று. ஸ்கின்னர் 1938-இல் எழுதிய நூலில், நெம்புகோலை அழுத்திய எலியின் காலை அந்நெம்புகோலே அடிக்குமாறு செய்த சோதனையை எதிர்மறை வலுவூட்டல் என்றே குறித்தார். 1953-இல் வந்த நூலில் அதனைத் தண்டனையினின்று பிரித்து இன்றைய பொருளில் நிறுத்தினார். 1975-இல் ஜாக் மைக்கேல், நேர், எதிர் என்னும் இப்பாகுபாடே இனி வேண்டுவதன்று என வாதிட்டார். ஆசிரியனே பொருள் மாற்றிய சொல்லை நாம் உருவத்தளவில் மொழிபெயர்த்துக்கொண்டோம்.

பாவூர்சத்திரத்துக் காய்கறிச் சந்தையில் நிகழக்கூடிய ஒன்றை எண்ணுக. குழந்தை கருப்பட்டி மிட்டாய் கேட்டு வீறிடுகின்றது, தாய் வாங்கித் தருகின்றாள், அழுகை நிற்கின்றது. மிட்டாய் கிடைத்தமையால் குழந்தையின் வீறிடல் வலுப்பெற்றது. அழுகை நின்றமையால் தாயின் வாங்கித்தரலும் வலுப்பெற்றது. இதுவே எதிர்மறை வலுவூட்டல். இதனைத் தண்டனை எனப் பிறழவுணரும் பெற்றோர், ‘எதிர்மறை’ முறையைக் கையாளுக எனக் கேட்பின் கையோங்குவர். தம் செயலையே குழந்தை பயிற்றிவருதலை உணரார்.

ஆராய்ச்சியறையோடு நிற்கும் குற்றம் அன்று இது. பாவூர்சத்திரத்தை அடுத்த தென்காசி வட்டாரத்து ஆய்க்குடியில் (ஆய் அண்டிரனின் ஊர் இதுவே என்பாரும் உளர்) எஸ். இராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம், வளர்ச்சிக்குறையுடைய இளங்குழந்தைகளின் வீடு தேடிப் பணியாளரை அனுப்பிப் பெற்றோர்க்கும் பயிற்சி அளித்து வருகின்றது. இத்தகைய பணியில் ஆங்கிலக் கலைச்சொல் பயன்படாது; அடுக்களையில் நின்று கேட்கும் தாய்க்கு விளங்கும் சொல்லே வேண்டும். தண்டனை பற்றிய தெளிவோ பின்னும் இன்றியமையாதது. ஆட்டிசப் பயிற்சியிற் புகழ்பெற்ற லோவாஸ் 1960-களில் மின்னதிர்ச்சியையும் கையாண்டார். 1987-இல் வெளியிட்ட ஆய்விலும் உரத்த கடிதலும் தொடையில் அடித்தலும் இடம்பெற்றன. இவற்றை ஆட்டிசமுடைய பெரியோரே இன்று கடுமையாக மறுத்துரைக்கின்றனர். அம்மறுப்பு நேரியது என்பதே என் கருத்து. இந்தியாவில் 2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டம் தன் 17-ஆம் பிரிவால் பள்ளியில் உடல் தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் விலக்கியுள்ளது.

எனவே நேர்மறை, எதிர்மறை என்பவற்றை விடுத்துச் சேர்ப்பு வலுவூட்டல், நீக்க வலுவூட்டல் என வழங்குதல் நன்று. வந்து சேர்ந்ததா, நீங்கியதா என்பதைச் சொல்லே காட்டிவிடும். வேரூன்றிய வழக்கை மாற்றலாமோ எனின், வேரூன்றியது பாடநூலில் மட்டுமே. வீடுகளில் இன்னும் ஊன்றவில்லை.

மற்றொரு சொல்லும் கருதத்தக்கது. முன்பு கிடைத்த பயன் கிடையாது போகவே ஒரு செயல் படிப்படியாகக் குன்றி ஒழிதலை அவிதல் எனலாம். அவ்வாறு ஒழியுமுன் அச்செயல் சிறிதுபோது முன்னினும் மிகுதல் உண்டு. மிட்டாய் மறுக்கப்பட்ட முதல் நாளில் அழுகை இரட்டிப்பது இதனாலேயே. இதற்குப் புதுச்சொல் தேட வேண்டுவதில்லை. அணையப்போகும் விளக்கு ஓங்கி எரியும் என்பது எவரும் அறிந்ததே. ஆயின் உவமை ஓரிடத்தில் தவறும். அணைந்த விளக்கு தானே எரியாது. அவிந்த நடத்தையோ சிலநாள் கழித்து மீண்டும் தலைகாட்டும். அதனைப் பெற்றோர்க்கு முன்னரே அறிவித்தல் வேண்டும்.