குஸ்கோவுக்குள் முதலில் நுழைந்தது யார்?

1/
பெரு நாட்டில், ஆண்டிஸ் மலைமேல் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர் குஸ்கோ. இன்கா பேரரசின் தலைநகரம். மச்சு பிச்சு பார்க்கப் போறவங்க பெரும்பாலும் இந்த ஊர் வழியாத்தான் போவாங்க. நீங்களும் ஒருநாள் போகலாம். போறதுக்கு முன்னாடி இந்த இழையைப் படிச்சிடுங்க.

2/
நாம் பள்ளியில் கேட்ட கதை இதுதான்: பிசாரோ என்ற ஸ்பானியர் 168 பேரோடு வந்தார், ஒரு பேரரசையே வீழ்த்தினார். அவர்களிடம் குதிரையும் இரும்பும் துப்பாக்கியும் இருந்தன. இன்காக்கள் பின்தங்கியவர்கள், அதனால் தோற்றார்கள்.

ஒரு டாக்டரா சொல்றேன், இந்தக் கதையில் முக்கியமான ஒரு ஆளைக் காணோம்.

3/
அந்த ஆள் ஒரு வைரஸ்.

1520களில், பிசாரோவின் படை வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, வடக்கிலிருந்து ஒரு கொள்ளைநோய் இன்கா நாட்டுக்குள் வந்துவிட்டது. அது பெரியம்மை என்பதே பல வரலாற்றாசிரியர்களின் முடிவு. பேரரசர் வைனா கபாக் அதில் இறந்தார். அடுத்து அரியணை ஏற வேண்டிய மகனும் இறந்தார்.

4/
அது எப்படி ஆளுக்கு முன்னாடி நோய் வரும்னு கேட்கறீங்களா?

பெரியம்மைக் கிருமி உள்ளே போனதும் காய்ச்சல் வராது. சுமார் 10 முதல் 14 நாள் வரை ஆள் நல்லாத்தான் இருப்பார். நடப்பார், அடுத்த ஊருக்குப் போவார். அங்கே போய் படுப்பார்.

இன்காக்கள் போட்ட சாலைகளின் நீளம் 30,000 கி.மீ. பேரரசை இணைத்த அதே சாலையில்தான் நோயும் நடந்து வந்தது.

5/
அரசரும் இல்லை, வாரிசும் இல்லை. மற்ற இரண்டு மகன்கள் மோதிக்கொண்டார்கள். குஸ்கோவில் வாஸ்கர், வடக்கே அதாவல்பா. பெரிய உள்நாட்டுப் போர். அதாவல்பா ஜெயித்த கையோடு, 1532 நவம்பர் 16 அன்று கஹமார்கா என்ற ஊரில் பிசாரோவிடம் சிக்கினார். அடுத்த ஆண்டு கொல்லப்பட்டார்.

6/
1533 நவம்பரில் ஸ்பானியர்கள் குஸ்கோவுக்கு வந்தபோது, ஊரைப் பிடித்து வைத்திருந்தது அதாவல்பாவின் படை. அதனால் குஸ்கோ அரச குடும்பத்துக்கு ஸ்பானியர்கள் எதிரியை விரட்ட வந்தவர்களாகத் தெரிந்தார்கள். இளவரசர் மான்கோ அவர்களோடு சேர்ந்தார்.

உண்மை புரிந்ததும் 1536இல் அதே மான்கோ படை திரட்டி ஊரை மாதக்கணக்கில் முற்றுகையிட்டார். ஆனால் மீட்க முடியவில்லை.

7/
சரி, இன்காக்கள் "பின்தங்கியவர்கள்" தானா?

1860களில் ஸ்குவையர் என்ற அமெரிக்கருக்கு குஸ்கோவில் ஒரு பழைய மண்டையோடு கிடைத்தது. அதில் சதுரமாக ஒரு ஓட்டை. பாரிஸில் பால் ப்ரோகா அதை ஆராய்ந்தார். ஆம், மூளையின் பேச்சுப் பகுதிக்கு யாருடைய பெயரோ, அவரேதான். ஆள் உயிரோடு இருக்கும்போது செய்த அறுவை சிகிச்சை இது என்றார். அன்று பலர் நம்பவில்லை.

8/
பிறகு பெருவில் இப்படி நூற்றுக்கணக்கான மண்டையோடுகள் கிடைத்தன. நோயாளி பிழைத்தாரா என்பது எலும்பிலேயே தெரியும். உடனே இறந்திருந்தால் வெட்டிய விளிம்பு கூராக இருக்கும். பிழைத்திருந்தால் எலும்பு வளர்ந்து விளிம்பு மழுங்கியிருக்கும்.

9/
2018இல் வெளியான ஆய்வின்படி, இன்கா காலத்தில் இந்த சிகிச்சைக்குப் பின் நீண்ட நாள் பிழைத்தவர்கள் 75 முதல் 83 சதவீதம்! 1860களின் அமெரிக்க உள்நாட்டுப் போரில் இதே மாதிரி சிகிச்சையில் ஏறக்குறைய பாதிப் பேர் இறந்தார்கள்.

அங்கே குண்டுக் காயம், இங்கே பெரும்பாலும் தடியடிக் காயம். நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாதுதான். ஆனாலும் மயக்க மருந்தோ ஆன்டிபயாட்டிக்கோ இல்லாத காலத்தில் இது சாதாரண விஷயம் இல்லீங்க.

10/
மண்டையைத் திறந்து ஆளைக் காப்பாற்றத் தெரிந்தவர்கள் பெரியம்மையிடம் ஏன் தோற்றார்கள்?

கைத்திறன் வேறு, நோய் எதிர்ப்பு சக்தி வேறு. ஐரோப்பாவில் பலருக்குச் சின்ன வயதிலேயே அம்மை வந்து போயிருக்கும். பிழைத்தவருக்கு மறுபடி வராது. குஸ்கோவில் அந்த நோயை யாருமே பார்த்ததில்லை. தாத்தா முதல் பேரன் வரை ஒரே நேரத்தில் படுத்தால் தண்ணி கொடுக்கக்கூட வீட்டில் ஆள் இருக்காது. பாதி சாவு அதிலேயே நடந்துவிடும்.

11/
பிறகு தட்டம்மை, இன்ஃப்ளூயன்சா என்று அலை அலையாக வந்தன. கூடவே போர், சுரங்கத்தில் கட்டாய வேலை. ஒரு மதிப்பீட்டின்படி 1520இல் சுமார் 90 லட்சமாக இருந்த பெரு பூர்வகுடிகள், 1620இல் சுமார் 6 லட்சம். நோய் மட்டுமே கொன்றது என்று சொல்லி ஆண்டவர்களைத் தப்பவிடவும் முடியாது.

12/
குஸ்கோ போனால் கொரிகாஞ்சாவைக் கட்டாயம் பாருங்க. தங்கத் தகடு பதித்த சூரியன் கோயில் அது. தகடுகளைப் பெயர்த்து எடுத்துவிட்டு, அதன் மேலேயே சாந்தோ தொமிங்கோ மடத்தைக் கட்டினார்கள்.

1650இல் பெரிய நிலநடுக்கம், மடம் பலத்த சேதம். 1950 மே மாதம் மறுபடியும். மேலே இருந்தது இடிந்து விழ, உள்ளே மறைந்திருந்த இன்கா சுவர்கள் வெளியே தெரிந்தன. சாந்தே பூசாமல், கல்லோடு கல் பொருத்தி, லேசாக உள்பக்கம் சாய்த்துக் கட்டிய சுவர். அசையவில்லை.

13/
போறவங்களுக்கு ஒரு டாக்டர் அட்வைஸ்: அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். முதல் நாள் ஓடியாட வேண்டாம். தலைவலி, வாந்தி வந்தால் மேலே ஏறாதீங்க. மூச்சு வாங்கினாலோ நடை தள்ளாடினாலோ உடனே கீழே இறங்கணும். இதயம், நுரையீரல் பிரச்சனை இருக்கிறவங்க கிளம்பும் முன்பே உங்க டாக்டரைப் பாருங்க.

14/
அந்த முதல் நாள் ஓய்வில், "இன்காக்கள் ஏன் தோற்றார்கள்" என்று யாராவது கேட்டால் சொல்லுங்கள்: அறிவு குறைந்து தோற்கவில்லை. பார்த்தே இராத கிருமி வந்தது, தடுப்பூசி என்ற ஒன்று உலகத்தில் அப்போது எங்குமே இல்லை. நமக்கு இருக்கிறது.