ஆகாதவர் என்றொரு தீர்ப்பு

அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்துப் புனர்வாழ்வுத் திணைக்களம், 1962ஆம் ஆண்டளவில், எட் றொபேட்ஸ் என்னும் இளைஞரின் விண்ணப்பத்தை நிராகரித்தபோது கூறிய காரணம் ஒன்றே: அவர் வேலைக்கு ஆகாதவர். பேர்க்கிலியிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்திற் பயில்வதற்கான உதவிப்பணத்தையே அவர் கேட்டிருந்தார். அங்கவீனமுற்றோரைத் தொழிலுக்குத் தகுதிப்படுத்துவதே அத்திணைக்களத்தின் பணி. ஆகவே, என்றோ ஒருநாள் சம்பளம் பெறுவார் என்று எதிர்பார்க்கத்தக்கவருக்கே அது செலவிடும். பயில விரும்புகிறாரா, பயிலும் ஆற்றல் உள்ளவரா என்ற வினாக்களுக்கு அதன் கோவைகளில் இடமிருக்கவில்லை. கூலியுழைப்பை மனிதனின் பெறுமதிக்கு முழக்கோலாகக் கொண்ட சமுதாயத்தில் இது தனியொரு உத்தியோகத்தரின் கல்நெஞ்சால் விளைந்த தீர்ப்பெனக் கொள்ளல் ஆகாது. அவர் தமக்கிட்ட விதியைப் பிசகின்றிப் பின்பற்றினார், அவ்வளவே.

றொபேட்ஸ் 1953இல், தமது பதினான்காவது வயதில், போலியோ நோய்க்கு ஆளானவர். அந்நோய்க்கான தடுப்பூசி பயன்பாட்டுக்கு வந்தது 1955இல். இரண்டாண்டுகள் பிந்தியே வந்தது. கழுத்துக்குக் கீழே ஒரு கையின் இரு விரல்களும் சில கால்விரல்களும் தவிர ஏனைய உறுப்புகள் அவர் சொற்படி கேட்கவில்லை. இரவிலே உறங்குவதற்கு, ஏறத்தாழ 360 கிலோகிராம் எடையுள்ள 'இரும்பு நுரையீரல்' என்னும் உருளைப் பொறிக்குள் அவர் கிடத்தப்பட்டார். அதுவே அவருக்காக மூச்சுவிட்டது. பாடசாலைக் கல்வியின் பெரும்பகுதியைத் தொலைபேசி மூலம் கேட்டே முடித்தார். முடித்த பின்பும் சான்றிதழ் கிடைப்பதாயில்லை. உடற்பயிற்சியும் மோட்டார் வாகனம் ஓட்டும் பயிற்சியும் குறைகின்றன என்பது பாடசாலையின் தடை! அவருடைய தாயார் ஸோனா றொபேட்ஸ் கல்வி அதிகாரிகளோடு வாதாடியே அச்சான்றிதழைப் பெற்றார்.

புனர்வாழ்வுத் திணைக்களத்தின் மறுப்புப் பத்திரிகைகளில் வெளிவந்ததும் அது மாற்றப்பட்டது. அடுத்த தடை பல்கலைக்கழகமே. முடவர்களைச் சேர்த்துப் பார்த்திருக்கிறோம், சரிவரவில்லை என்ற கருத்துப்பட அதன் அதிகாரி ஒருவர் கூறினாராம். மாணவர் விடுதிகளிலோ இரும்பு நுரையீரலுக்கு இடமில்லை. ஈற்றில் வளாகத்தின் கவெல் வைத்தியசாலைக்குப் பொறுப்பாயிருந்த டொக்டர் ஹென்றி புரூய்ன் என்பவர் தம் வைத்தியசாலையில் ஓர் அறையை ஒதுக்கிக் கொடுத்தார். அது நோயாளியின் அறையாக அல்லாது மாணவன் குடியிருக்கும் அறையாகக் கொள்ளப்படவேண்டும் என்று றொபேட்ஸ் நிபந்தனை விதித்தார். 1962இன் இலையுதிர் காலத்தில் அவர் வகுப்புக்குச் சென்றார்.

அதே பருவத்திலேதான் ஜேம்ஸ் மெரடித் என்ற கறுப்பின மாணவர், படையினரின் காவலோடு, மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்துள் நுழைந்தார். இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒன்றெனக் கூறுவது வரலாற்றுக்குச் செய்யும் அநீதியாகும். மெரடித்தின் அனுமதியை எதிர்த்து மூண்ட கலவரத்தில் இருவர் மாண்டனர். றொபேட்ஸை எதிர்த்து எவரும் கல்லெறியவில்லை. படிக்கட்டுகளே போதுமானவையாயிருந்தன.

இவருக்கு முன்னர் சக்கர நாற்காலியில் எவரும் பட்டம் பெறவில்லையா எனின், பெற்றனர். இரண்டாம் உலக யுத்தத்திலே காயமுற்றுத் திரும்பிய படைவீரருக்கு அரசாங்கம் கல்விச் செலவை ஏற்றபோது, இலினோய் பல்கலைக்கழகத்தின் கேல்ஸ்பேர்க் கிளையில் 1948இல் டிமதி நியூஜென்ற் என்பவர் அவர்களுக்கெனத் திட்டமொன்றைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அக்கிளை மூடப்படவிருந்தபோது மாணவர் மாநிலத் தலைநகருக்கே சென்று ஆர்ப்பாட்டம் செய்தனர். திட்டம் தலைமை வளாகத்திற்கு மாற்றப்பட்டு நிலைபெற்றது. அது பெரும்பணி என்பதில் ஐயமில்லை. ஆயினும் பிறருதவியின்றித் தம்மைத் தாமே பராமரிக்க வல்லவரையே அது ஏற்றது. உண்ணவும் உடுக்கவும் உதவியாளரை வேண்டிய றொபேட்ஸ் போன்றார்க்கு அங்கும் கதவு திறந்திராது.

பேர்க்கிலியில் நிகழ்ந்தது வேறு. 1963இல் ஜோன் ஹெஸ்லர் என்பவர் கவெல் வைத்தியசாலைக்கு வந்து சேர்ந்தார். பின்னர் வேறு சிலரும் வந்தனர். 1960களின் இறுதியில் அவ்வைத்தியசாலையின் ஒரு மாடியே கை கால் செயலிழந்த மாணவர் குடியிருப்பாயிற்று. வளாகத்திற் பேச்சுரிமைப் போராட்டம், யுத்த எதிர்ப்பு, கறுப்பின மாணவரும் ஏனைய சிறுபான்மை மாணவரும் நடத்திய வேலைநிறுத்தம் என்று ஆண்டுதோறும் அலை எழுந்துகொண்டிருந்தது. அவ்வலையின் ஓசை வைத்தியசாலை யன்னலோடு நின்றுவிடவில்லை. புதிதாக வந்த புனர்வாழ்வு உத்தியோகத்தர் ஒருவர், படிப்பிற் பின்தங்கினர் என்று கூறி இரு மாணவரை வெளியேற்ற முற்பட்டபோது ஏனையோர் ஒன்றுதிரண்டு பத்திரிகைகளிடம் சென்றனர். வெளியேறியவர் அவ்வுத்தியோகத்தரே, அவர் இடமாற்றம் பெற்றார். 'றோலிங் குவாட்ஸ்' என்று அம்மாணவர் தமக்குப் பெயரிட்டுக்கொண்டனர். சக்கரத்தில் உருளும் முடவர்கள் என்று தம்மையே நகையாடும் பெயர் அது. ஏளனச் சொல்லை ஏளனத்துக்குள்ளானவரே கொடியாக உயர்த்துதல் போராட்ட வரலாறுகளில் நாம் பலமுறை காண்பதே.

1970இல் அவர்கள் மத்திய அரசாங்கத்தின் நிதியைப் பெற்று, அங்கவீனமுற்ற மாணவருக்கான பணிமனையொன்றை நிறுவினர். அங்கே உதவியாளரின் பெயர்ப் பட்டியல் இருந்தது. மாணவரே உதவியாளரைத் தெரிந்தார்கள், நியமித்தார்கள், வேண்டாதபோது விலக்கினார்கள். படியில்லாத வாடகை வீடுகள் பற்றிய விபரம் கிடைத்தது. பார்வையற்றோர்க்கு நூல்களை வாசித்துக் காட்டுவோரை ஏற்பாடு செய்தனர். சக்கர நாற்காலி பழுதானால் உடனே திருத்துவதற்கு ஒரு பட்டறையும் இருந்தது. சரித்திரம் எழுதுவோர் மேடைப் பேச்சுக்களை விரித்துரைத்து இப்பட்டறையை ஓர் அடியிற் கூறிச் செல்வர். என் கருத்தில் பட்டறையே தலையாயது. மின்கலம் இறங்கிப்போன நாற்காலியில் இருப்பவனுக்குச் சமத்துவம் பற்றிய பிரகடனத்தால் விரிவுரை மண்டபத்தை அடைய இயலாது. வைத்தியசாலைக்கு வெளியே, நகரத்து வீடுகளில், ஏனைய மாணவரைப் போல் இவர்கள் குடியேறியது இந்த ஏற்பாடுகளின் பின்னரே. பல்கலைக்கழகத்தோடு தொடர்பில்லாதவரும் உதவி நாடி வரத்தொடங்கியதால், 1972இல் 'சுதந்திர வாழ்வு நிலையம்' நகரத்தில் தனியாகத் தோன்றியது. மாணவர் வற்புறுத்தலால் நகரசபை தெருமுனைகளில் நடைபாதை விளிம்பைச் சரிவாக வெட்டிக் கொடுத்தது. குழந்தை வண்டி தள்ளும் தாய்மாரும் பாரவண்டி இழுக்கும் தொழிலாளரும் அச்சரிவுகளையே நாடினர்.

1973இல் நிறைவேறிய புனர்வாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவு, அரசாங்கப் பணம் பெறும் எந்நிறுவனமும் அங்கவீனத்தைக் காரணங்காட்டி ஒருவரை விலக்கலாகாது என்றது. இனப்பாகுபாட்டைத் தடுத்த 1964ஆம் ஆண்டுச் சட்டத்தின் சொற்களை ஒட்டி அமைந்த ஒரேயொரு வாக்கியம் அது. அதனைச் செயற்படுத்தும் ஒழுங்குவிதிகளோ நான்காண்டுகள் கையொப்பமின்றிக் கிடந்தன. 1977இல் பதவியேற்ற காட்டர் அரசாங்கம் அவற்றைத் தளர்த்த எண்ணியது. பல்கலைக்கழகங்கள் பலவும் கூட்டுச் சேர்ந்து, ஒவ்வொன்றும் சில பாடங்களை மட்டும் அங்கவீனமுற்றோர்க்கு எட்டச் செய்தாற் போதும் என்பது ஆலோசனைகளுள் ஒன்று. வேதியியல் ஓர் ஊரில், வரலாறு வேறோர் ஊரில்! ஏனைய மாணவர் விரும்பிய கழகத்தைத் தெரிவர்; இவர்களோ சரிவுப்பாதை இருக்கும் இடத்துப் பாடத்தைப் பயிலவேண்டும்.

ஏப்ரல் 5ஆம் திகதி பல நகரங்களில் அங்கவீனமுற்றோர் அரசாங்க அலுவலகங்களுள் நுழைந்து அமர்ந்தனர். சான் பிரான்சிஸ்கோவில் நூற்றுக்கு மேற்பட்டோர் மூன்று வாரங்களைக் கடந்தும் வெளியேறவில்லை. தொலைபேசி துண்டிக்கப்பட்டபோது, செவிப்புலனற்றோர் யன்னலருகே நின்று சைகைமொழியாற் செய்தி அனுப்பினர். கறுஞ்சிறுத்தைகள் கட்சியினர் நாடோறும் சுடுசோறு கொணர்ந்தனர். தண்டுவட நோயுற்ற அவர்தம் தோழர் பிராட் லொமக்ஸ் உள்ளே இருந்தார். தூதுக்குழு வாஷிங்டன் சென்றபோது இயந்திரத் தொழிலாளர் சங்கம் பாரவண்டியொன்றை வாடகைக்கு அமர்த்தி அவர்களை ஏற்றிச் சென்றது. ஒழுங்கமைப்பின் நரம்பாக விளங்கிய கிற்றி கோன், சோஷலிஸ்டுக் கட்சிப் பணியிற் பயின்றவர். தலைமை தாங்கிய ஜூடித் ஹியூமன் ஓர் ஆசிரியை. தீவிபத்து நேர்ந்தால் இவருடைய சக்கர நாற்காலி ஆபத்தாகும் என்று நியூயோர்க் கல்விச் சபை 1970இல் அவருக்கு ஆசிரிய அனுமதியை மறுக்க, வழக்குத் தொடுத்து வென்றவர் அவர்.

ஏப்ரல் 28இல் அமைச்சர் கலிபானோ கையொப்பமிட்டார். கூட்டுக் கழக யோசனை கைவிடப்பட்டது. பரீட்சைக்கு மேலதிக நேரம், சைகைமொழி பெயர்ப்பாளர், ஒலிப்பதிவு நூல்கள் ஆகியன கருணையால் வழங்கப்படும் சலுகை என்ற நிலை சட்டத்தில் மாறியது. கட்டிட மாற்றங்களுக்கு மூன்றாண்டுகள் தவணை விதிக்கப்பட்டது. எனினும் 1979இலேயே, செவிப்புலன் குன்றிய மாணவி ஒருவரைத் தாதியர் பயிற்சிக்கு ஏற்க மறுத்த கல்லூரியொன்றுக்குச் சார்பாக உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கற்கைநெறியின் அடிப்படையை மாற்றும்படி சட்டம் கேட்கவில்லை என்பது நீதிபதிகளின் வாதம். அடிப்படை எது என்பதை யார் தீர்மானிப்பது என்ற வழக்கு அங்கிருந்து தொடங்கிற்று; 1990ஆம் ஆண்டின் விரிவான சட்டத்தின் பின்னரும் அது ஓயவில்லை.

றொபேட்ஸோ, ஆகாதவர் என்று தீர்க்கப்பட்டுப் பதினைந்து ஆண்டுகள் நிறையுமுன்னரே, அதே புனர்வாழ்வுத் திணைக்களத்தின் பணிப்பாளராக ஆளுநர் ஜெரி பிரவுனால் நியமிக்கப்பட்டார். 1995இல் அவர் காலமானார். கவெல் வைத்தியசாலை பின்னாளில் இடிக்கப்பட்டது. அது நின்ற நிலத்தில் இப்பொழுது பல்கலைக்கழகத்தின் வர்த்தக முகாமைத்துவக் கல்லூரி நிற்கிறது.